அணைக்க மறந்த மைக்

உள்ளறையிலிருந்து ‘ணங்’ என்று ஒரு சத்தம் வந்தது.

முன்னறைத் தரையில் உட்கார்ந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்த மைக் செட்காரர் ஹலோவின் கை அப்படியே நின்றது. சத்தம் என்றால் அவர் காதுக்குத் தப்பாது. ஒரு பொருள் கை தவறி விழுந்தால் உருளும், கிறுகிறுக்கும், அடங்க நேரமாகும். இது விழுந்த சத்தம் இல்லை, வைத்த சத்தம். வேண்டுமென்றே, பல்லைக் கடித்துக்கொண்டு, தரையில் இடித்து வைத்த சத்தம். வைத்தது என்னவென்றும் அவருக்குத் தெரியும். பள்ளி ஆண்டு விழாவில், பேச்சுப் போட்டியில், மகள் வாங்கி வந்த முதல் பரிசுக் கோப்பை.

“மறுபடியும் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டா,” என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் கேட்டது. “நான் எடுத்து அலமாரியில வைக்கிறதும், அவ எடுத்துக் கீழ தள்ளுறதும். கோப்பையா அது, பூனைக்குட்டியா?”

“நீ ஏன் எடுத்து எடுத்து வைக்கிற?”

“பின்ன? இந்த வீட்டு வாசப்படி ஏறி வந்த முதல் பரிசு அது ஒண்ணுதான். பழைய செருப்போட கிடக்கணுமா?” கரண்டியைக் கீழே வைத்துவிட்டு சமையலறை வாசலில் வந்து நின்றாள். “உங்க வாயி சும்மா இருந்திருந்தா அது அலமாரியிலேயே இருந்திருக்கும்.”

அவள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். மாத்திரை எடுத்துக் கொடுப்பதுபோல வார்த்தையையும் அளந்துதான் கொடுப்பாள். ஆனால் இருப்பதிலேயே கசப்பானதாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பாள்.

ஹலோ மறுபடி ஒயரைச் சுற்றத் தொடங்கினார். விழா முடிந்து வீடு வந்த நாளிலிருந்து மகள் அவரோடு பேசவில்லை. அம்மாவோடும் தலையாட்டல்தான். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், தட்டைக் கழுவி வைப்பாள், உள்ளே போய்விடுவாள். அடுத்த வாரம் பள்ளிகளுக்கு இடையிலான பேச்சுப் போட்டி. பள்ளியின் சார்பாகப் போக வேண்டியவள் அவள்தான். “போக மாட்டேன்” என்பதைக்கூட டீச்சரிடம் தலையை ஆட்டித்தான் சொன்னாளாம்.

ஊரெல்லாம் கேட்கப் பேசவைக்கிறவர் வீட்டில், பேச வேண்டிய பெண் ஊமையாகிப் போனாள்.

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் உயிரோடு இருந்தது. மற்றபடி அவர் எல்லோருக்கும் ஹலோ. பெரியவர்களுக்கு ஹலோ, சின்னவர்களுக்கு ஹலோ அண்ணன், போனில் அழைப்பவர்களுக்கு “ஹலோ, ஹலோவா?” மைக் செட் வாடகைக்கு விடுவது அவர் தொழில். கல்யாணமா, கடை திறப்பா, கூட்டமா, விளையாட்டு விழாவா, எங்கே நாலு பேர் கூடினாலும் ஐந்தாவது ஆளாக அவர் இருப்பார். கம்பத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவார். மேடையில் மைக்கை நிறுத்துவார். நகத்தால் இரண்டு தட்டு தட்டி, “ஹலோ... ஹலோ...” என்பார். அவ்வளவுதான் அவருடைய உரை. அதற்குப் பிறகு மற்றவர்கள் பேசுவார்கள். அவர் ஓரமாக, ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குப் பின்னால், முக்காலியில் உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பார். எத்தனையோ மேடைகளுக்குக் குரல் கொடுத்தவர், ஒரு மேடையிலும் ஏறி நின்றவரில்லை.

கூட வேலை செய்கிற பையன்களுக்கு அவர் கற்றுக்கொடுத்த முதல் பாடமும் கடைசிப் பாடமும் ஒன்றே. “கையில மைக் இருக்கா? கட்டை விரல் சுவிட்ச்மேல இருக்கணும். பேசி முடிச்சா கீழ தள்ளு. மைக்குக்குச் சொந்தக்காரன் எதிரின்னு பேதம் கிடையாது. உன் மானத்தையும் ஒலிபரப்பும்.” ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார், மைக் திறந்திருப்பது தெரியாமல் பெண் வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொன்ன கதையைப் பத்துப் பேரிடமாவது சொல்லிச் சிரித்திருப்பார். சிரித்த வாய்க்கு ஒரு நாள் வரும் என்று யார் கண்டது?

வேலைகளிலேயே அவருக்கு மிகவும் பிடித்தது மகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளியின் ஆண்டு விழா. அவள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தது முதல் வருடம் தவறாமல் அவர்தான் மைக் செட். நீளம் தாண்டியவள், வினாடி வினாவில் வென்றவர்கள், களிமண்ணில் எரிமலை செய்து நிஜமாகவே புகைவிட வைத்தவள், நாடகத்தில் ராஜாவாக வந்து மீசை கழன்றும் வசனத்தை விடாதவள் என்று ஒவ்வொரு பெயராக அவருடைய ஸ்பீக்கரில்தான் ஒலிக்கும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு அப்பா எங்கோ கூட்டத்தில் எழுந்து நின்று கைதட்டுவார். ஹலோ திருகைக் கொஞ்சம் ஏற்றிவிடுவார். ‘நம்ம பிள்ளை பேரும் ஒரு நாள் இதே குழாயில வரும்’ என்று நினைத்துக்கொள்வார்.

அந்த நாள் வருவேனா என்றது. ஓட்டப் பந்தயத்தில் ஓடினாள், கடைசியாக வந்தாள். ஓவியப் போட்டியில் யானை வரைந்தாள், நடுவர் அதைப் பன்றி என்று நினைத்து ‘நல்ல முயற்சி’ என்று எழுதினார். கூட்டுப் பாட்டில் நின்றாள், உயரம் போதாமல் பின்வரிசையில் மறைந்து போனாள். ஒவ்வொரு தோல்விக்கும் வீட்டுக்கு வந்து அழுவாள். ஒவ்வொரு அழுகைக்கும் ஹலோவிடம் ஒரு மருந்து இருந்தது.

“முதல்ல வந்தாளே, அவ காலப் பார்த்தியா? ஒட்டகம்! ஒட்டகத்தோட ஓடி மனுஷங்க ஜெயிக்க முடியுமா?”

“அந்தப் படம் அவளா வரைஞ்சா? அவங்கக்கா வரைஞ்சு குடுத்திருப்பா. அவ மூஞ்சியப் பார்த்தாலே தெரியலயா, பென்சில எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியாத மூஞ்சி!”

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரிப்பாள். கண்ணீர் நிற்கும். அவருக்கும் மனது குளிர்ந்துவிடும். பெற்ற பிள்ளையைச் சிரிக்க வைப்பதில் என்ன தப்பு? மற்ற பிள்ளைகளின் காதில் அது விழவா போகிறது? அப்படித்தான் இருந்தார்.

இந்த வருடம் மகள் பத்தாம் வகுப்பு. பேச்சுப் போட்டியில் வகுப்பு அளவில் ஜெயித்து, பள்ளி அளவிலும் தேறி, ஆண்டு விழா மேடையில் நடக்கும் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டாள். இரண்டே பேர். ஒருத்தி அவள். இன்னொருத்தி முச்சந்தியில் பஞ்சர் கடை வைத்திருப்பவரின் மகள். தலைப்பு, ‘எனக்குப் பிடித்த சத்தம்.’

பஞ்சர் கடைக்காரர் மகளுக்குப் பேச்சு திக்கும். வகுப்பில் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ‘பஃபரிங்’. செல்போனில் படம் நின்று வட்டம் சுற்றுமே, அது. ஆனால் அவளிடம் ஒரு வித்தை இருந்தது. பேசும்போது வலது கையின் ஒற்றை விரலால் தொடையில் தாளம் தட்டுவாள். தாளத்தின் முதுகில் ஏறி வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்து சேரும். மெதுவாக வரும். வந்தால் மனதில் நிற்கும். அவள் இறுதிச் சுற்று வரை வந்தது அப்படித்தான். அவளுக்குத் திக்கும் என்பதைத் தவிர இதெல்லாம் ஹலோவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் நினைத்ததும் இல்லை.

விழா அன்று மாலை நல்ல கூட்டம். பேச்சுப் போட்டி தொடங்கும் நேரத்தில், நிகழ்ச்சியை அறிவிக்கும் டீச்சரின் கையிலிருந்த ஒயர் இல்லாத மைக் கரகரக்க ஆரம்பித்தது. ஹலோ அதை வாங்கிக்கொண்டு, மேடைக்குப் பின்னாலிருந்த அறிவியல் ஆய்வகத்துக்குள் போனார். மேடையில் நின்ற பெரிய மைக்குக்கு எதிரே பஞ்சர் கடைக்காரர் மகள் அப்போதுதான் வந்து நின்றாள்.

ஆய்வகத்தில் பேட்டரியை மாற்றினார். சுவிட்சை மேலே தள்ளி, நகத்தால் தட்டிப் பார்த்தார். விளக்கு பச்சை. சட்டைப் பையில் செருகினார். வழக்கமாக அந்த நேரத்தில் கட்டை விரல், யாரும் சொல்லாமலே, சுவிட்சைக் கீழே தள்ளிவிடும். அன்றைக்கு அந்த விரலுக்கு வேறு வேலை வந்தது. எலும்புக்கூட்டுப் படத்துக்குக் கீழே மகள் நின்றிருந்தாள். முகம் வெளுத்து, கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர். கட்டை விரல் அந்தக் கண்ணீரைத் துடைக்கப் போய்விட்டது.

“அப்பா, எனக்கு முதல் வரியே மறந்து போச்சுப்பா.”

“யாரப் பார்த்துடீ பயப்படுற? இப்ப மேடையில நிக்குதே, அந்தப் பஞ்சர் கடைப் பொண்ணையா? அடி போடி. அது திக்குவாய். அது ‘வணக்கம்’ சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் ஸ்பீக்கரக் கழட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவேன். பாவம் பார்த்து ஃபைனலுக்கு விட்டிருக்காங்க. அதெல்லாம் ஒரு போட்டியா உனக்கு?”

மகள் முகம் தெளிந்தது. மருந்து வேலை செய்துவிட்டது. நிம்மதியாக மூச்சுவிட்டார்.

அப்போதுதான் எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி வந்த ஒரு குரல் அவர் காதில் விழுந்தது. “...போட்டியா உனக்கு?” பாழாய்ப்போன தொழில் புத்தி, முதலில் அவருக்குத் தோன்றியது, ‘எவன் இது? குரல் இவ்வளவு கீச்சுன்னு இருக்கே, திருகைக் குறைக்கணும்’ என்பதுதான். அடுத்த கணம் அது தன் குரல் என்று தெரிந்தது. சட்டைப் பையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வெளியே ஓடி வந்தார். மைதானம் முழுக்கத் தலைகள். ஒரு தலை அசையவில்லை. சிலர் அண்ணாந்து கம்பத்திலிருந்த குழாயைப் பார்த்தார்கள். தன் ஸ்பீக்கரால் அவ்வளவு பெரிய கூட்டம் மௌனமாகி அவர் பார்த்ததே இல்லை. மேடையில் அந்தப் பெண் நின்றிருந்தாள். தொடைமேல் தாளம் தட்டிக்கொண்டிருந்த ஒற்றை விரல், அவர் பார்க்கும்போதே நின்றுவிட்டது. “வ... வ...” என்றாள். பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். இன்னொரு முறை வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. பெரிய டீச்சர் எழுந்து அவளை நோக்கிப் போவதற்குள், கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுத் தானே இறங்கிப் போனாள்.

அதற்குமேல் நடந்ததுதான் கொடுமை. மகளை மேடைக்கு அழைத்தார்கள். அவள் ஏறினாள். மறந்து போன முதல் வரி பாவம், அன்று பார்த்து ஞாபகம் வந்துவிட்டது.

“எனக்குப் பிடித்த சத்தம், என் அப்பா சொல்லும் ஹலோ.”

ஆம். அதுதான் அவள் எழுதி, மனப்பாடம் செய்து, யாருக்கும் சொல்லாமல் ஒளித்து வைத்திருந்த பேச்சு. இரவு எத்தனை மணிக்கு வந்தாலும் வாசலில் நின்று அப்பா சொல்லும் ஹலோ, அந்த ஒரு சொல்லில் அவருடைய களைப்பும் அன்பும் எப்படிக் கேட்கும் என்றெல்லாம் பேசினாள். ஒரு எழுத்து பிசகவில்லை. தூக்கத்தில் நடப்பவள் போல, கூட்டத்துக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டு பேசினாள். பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஹலோவுக்கு, மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. கேட்டவர்கள் கைதட்டினார்கள், மழைத் தூறல் மாதிரி, அங்கொன்றும் இங்கொன்றுமாக.

முதல் பரிசு அறிவிக்கப்பட்டது. இத்தனை வருடம் காத்திருந்த பெயர் அவருடைய குழாயில் ஒலித்தது. அவர் எழுந்து நிற்கவில்லை. திருகை ஏற்றவும் இல்லை.

விழா முடிந்ததும் பெரிய டீச்சர் அவரிடம் வந்தார். திட்டுவார், இரண்டு வார்த்தை சூடாகக் கேட்பார் என்று தலைகுனிந்து நின்றார். “ஒயரெல்லாம் பார்த்து எடுத்துக்குங்க. பிள்ளைங்க தடுக்கி விழுந்துடப் போறாங்க,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அறைந்திருந்தால் தேவலை.

அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் ஹலோ ஒன்றையே சொன்னார். “மைக் ஆன்ல இருந்துடுச்சுங்க.” கூட வேலை செய்கிற பையன்களிடம் சொன்னார், மச்சானிடம் போனில் சொன்னார். டீக்கடையில், “என்ன ஹலோ, இன்னைக்கு ஆஃபா, ஆனா?” என்று ஒருவர் அவருடைய சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக் கேட்டபோதும், கூட இருந்தவர்கள் சிரித்தபோதும், “மைக் ஆன்ல இருந்துடுச்சுண்ணே, கவனிக்கல” என்றுதான் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. தொழிலில் நடந்த பிசகு. யாருக்கும் நடக்கக் கூடியது.

பஞ்சர் கடைக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று தினமும் கிளம்பினார். தினமும் தெருமுனை வரை போய்த் திரும்பினார். நேற்று அவருடைய வண்டியின் பின்சக்கரம், சொல்லிவைத்ததுபோல், முச்சந்திக்குப் பக்கத்திலேயே காற்றிறங்கிப் போனது. தெய்வமே கையைப் பிடித்து அழைத்துப் போனதுபோலத்தான். பஞ்சர் கடைக்காரர் கடை வாசலில் குந்தி உட்கார்ந்து ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்தால் தெரிந்துவிடும் தூரம். ஹலோ எதிர்ப்பக்கம் திரும்பி, வேகாத வெயிலில், காற்றில்லாத வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த பேட்டை வரை போய், முன்பின் தெரியாத கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டு வந்தார். வியர்வையில் நனைந்து வீட்டுக்கு வந்தவரிடம் மனைவி காரணம் கேட்டாள். சொன்னார். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“டியூப்ல ஓட்டைன்னா ஒட்டிடலாம்...” என்று ஆரம்பித்தவள், மீதியைச் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

இப்போது ஒயர் சுற்றிக்கொண்டிருந்தவரின் காதில் இன்னொரு சத்தம் விழுந்தது. வாசல் கதவை யாரோ தட்டினார்கள். கை முட்டியால் அல்ல, ஒற்றை விரலால். டொக். டொக். டொக். ஒரே இடைவெளி, ஒரே தாளம்.

அந்த விரலை அவர் மேடையில் பார்த்திருக்கிறார்.

மனைவி போய்க் கதவைத் திறந்தாள். பள்ளிச் சீருடையோடு, தோளில் பையோடு, பஞ்சர் கடைக்காரர் மகள் நின்றிருந்தாள்.

“ஆ-ஆன்ட்டி, அவ இருக்காளா?”

“இருக்காம்மா, வா... உள்ள வா.” மனைவிக்கும் குரல் தடுமாறியது. “டீ குடிக்கிறியாம்மா?”

“கோ-கோப்பையிலயா?” என்று கேட்டாள் அந்தப் பெண். கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டாள். “வேணாம் ஆன்ட்டி.”

ஹலோ எழுந்திருக்க நினைத்தார். அதற்குள் அவள் ஒயர்ச் சுருள்களைத் தாண்டித் தாண்டி, ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே நடந்து, அவர்மேல் பார்வை படாமலே உள்ளறைக்குள் போனாள்.

இரண்டு அறைக்கும் நடுவே இருந்தது பலகைத் தடுப்புத்தான். ஒட்டுக் கேட்பது தப்பு என்று அவருக்குத் தெரியும். ஆனால் காதைச் சுவிட்ச் போட்டு அணைக்க முடியுமா?

“நீ போட்டிக்குப் போ-போக மாட்டேன்னு சொன்னியாமே. டீச்சர் என்னைக் கூப்பிட்டாங்க. ரெ-ரெண்டாவது நீதானே, நீ போன்னு சொன்னாங்க.”

கட்டில் கிரீச்சிட்டது.

“அன்னைக்கு மேடையில நான் வா-வாயே தொறக்கல. எனக்கு எதுக்கு ரெண்டாவது? ரெண்டு பேர்ல ரெண்டாவதுன்னா க-கடைசின்னு அர்த்தம். நீ வேணாம்னு வீசினத நான் பொ-பொறுக்கணுமா?”

விரல் எதன்மேலோ தாளம் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

“உங்கப்பா சொன்னதுக்காக நான் அழலடி. அந்த வார்த்தை நான் ஒண்ணாம் கிளாஸ்லேருந்து கேக்குறேன். ப-பழகிடுச்சு. அதச் சொல்லி முடிச்சதும் ஸ்பீக்கர்ல ஒரு சி-சிரிப்பு வந்துச்சு. அது யாரோடதுன்னு யாருக்கும் தெரியாது. எனக்குத் தெ-தெரியும். மூணு வருஷமா ஒரே பெஞ்சுல உக்காந்திருக்கேன்.”

தடுப்புக்கு இந்தப் பக்கம் ஹலோவின் கையிலிருந்து ஒயர்ச் சுருள் நழுவியது.

சிரிப்பு! ஆமாம், சிரித்தாள். ‘ஸ்பீக்கரக் கழட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவேன்’ என்றபோது மகள் சிரித்தாள். அதைக் கேட்டுத்தான் அவர் நிம்மதியாக மூச்சுவிட்டார். இத்தனை நாளும் அவர் தன் குரலைத்தான் நினைத்து நினைத்துக் கூசிக்கொண்டிருந்தார். மகள் அப்பாமேல் கோபத்தில் பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்திருந்தார். அவளோ தன் சிரிப்பை விழுங்க முடியாமல் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒட்டகக் கால் என்றபோது சிரித்தவள், பென்சில் பிடிக்கத் தெரியாத மூஞ்சி என்றபோது சிரித்தவள். அந்தச் சிரிப்பை ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டி வளர்த்தது யார்? மருந்து என்று நினைத்து எதைக் கொடுத்து வந்தோம் என்று இப்போது புரிந்தது. சமையலறை வாசலில் நின்ற மனைவியை நிமிர்ந்து பார்க்கவும் அவருக்குக் கண் கூசியது.

உள்ளே ஒரு விம்மல். பிறகு, பல நாளாகக் கேட்காத குரல்.

“ஆமா. நான்தான் சிரிச்சேன்.”

“தெ-தெரியும்னு சொன்னேன்ல.”

“ஸாரிடி... ஸாரி. நான்... எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உன்னைப் பார்ப்பேன்?”

“இ-இதே மூஞ்சிதான். வேற எங்க இருக்கு? அழாம கேளு. டீச்சர்கிட்ட பேசிட்டேன். தி-திங்கக்கிழமை காலைல பிரேயர்ல ரெண்டு பேரும் மறுபடி பேசணும். ஸ்கூல் மு-முழுக்கக் கேக்கணும். யார் நல்லாப் பேசுறாங்களோ அவங்க போகட்டும்.”

“நீயே போடி. நான் மைக் முன்னாடி நிக்கவே மாட்டேன்.”

“நீ நிக்கலேன்னா நான் ஜெ-ஜெயிச்சது ஆகாது. பாவம் பார்த்து விட்டதுதான் ஆகும்.” சற்று நின்று சொன்னாள். “அத உங்கப்பா ஏற்கெனவே சொ-சொல்லிட்டார்.”

பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து எதையோ இழுக்கும் சத்தம்.

“அப்ப இத நீ எடுத்துட்டுப் போ. டீச்சர்கிட்ட குடுத்துடு. திங்கக்கிழமை வரைக்கும் யாருக்கும் இல்ல.”

“ஸ்கூலுக்கு நீயே தூ-தூக்கிட்டு வா. நான் என்ன சுமை தூக்குற கூலியா?”

“சரி... வரேன்.” மூக்கை உறிஞ்சும் சத்தம். “உனக்குப் பிடிச்ச சத்தம் என்னடி? கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே.”

“தி-திங்கக்கிழமை வந்து கேட்டுக்க.”

இருவரும் முன்னறைக்கு வந்தார்கள். மகளின் கண்கள் வீங்கியிருந்தன. அப்பாவின் பக்கம் திரும்பாமல் சுவரோரமாக நின்றுகொண்டாள். பஞ்சர் கடைக்காரர் மகள் இப்போதுதான் ஹலோவை நேராகப் பார்த்தாள்.

“அ-அங்கிள், ஸ்கூல் மைக் ரிப்பேர். திங்கக்கிழமை உங்க செட்டுதான் வேணும். டீச்சர் சொ-சொல்லச் சொன்னாங்க.”

“வரேம்மா,” என்று எழுந்தார். காலில் ஒயர் சிக்கியது. உதறிவிட்டு இரண்டடி வைத்தார். தெருமுனை வரை போய்ப் போய்த் திரும்பியவர், இதோ, தெருவே வீடு தேடி வந்து நிற்கிறது. இப்போது சொல்லாவிட்டால் எப்போது? “அம்மாடி... அன்னைக்கு...”

வார்த்தை வரவில்லை. வாயைத் திறந்தார், மூடினார். “அன்னைக்கு வந்து... நான்...” பார்க்கப் பொறுக்காமல் மனைவி, “அவர் என்ன சொல்ல வராருன்னாம்மா...” என்று ஆரம்பித்தாள்.

அந்தப் பெண் கையை உயர்த்தி மறித்தாள். “ஆ-ஆன்ட்டி, அவரே சொல்லட்டும்.”

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அவசரப்படவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று தெரிந்தவளின் பொறுமை அது. அந்தப் பொறுமையின் முன்னால் ஹலோ இன்னும் சிறுத்துப் போனார். கடைசியில் அவர் வாயிலிருந்து வந்தது, ஊர் முழுக்கச் சொல்லித் தேய்ந்து போன அதே வாக்கியம்தான்.

“மைக் ஆன்ல இருந்துடுச்சும்மா. நான் கவனிக்கல.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். விரல் பையின் பட்டையில் இரண்டு தட்டுத் தட்டியது. பிறகு, கணக்கு வகுப்பில் சந்தேகம் கேட்பவள்போல, கோபமே இல்லாமல் கேட்டாள்.

“ஆ-ஆஃப்ல இருந்திருந்தா, அங்கிள்?”

ஆஃபில் இருந்திருந்தால்? யாருக்கும் கேட்டிருக்காது. டீக்கடையில் சிரித்திருக்க மாட்டார்கள். மகள் கோப்பையோடு வந்திருப்பாள். அவரும் கூடவே, ஒரு பிசகும் நடக்காதவராக, தலை நிமிர்ந்து வந்திருப்பார். அந்த ஆளை நினைத்துப் பார்க்கவே அவருக்குக் குமட்டியது. தலை தானாகக் கவிழ்ந்தது. கண்ணில் திரண்ட நீர் காலடியில் கிடந்த ஒயரின்மேல் விழுந்தது.

பதிலுக்காக அவள் இன்னும் சற்று நேரம் நின்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“சீ-சீக்கிரம் வந்துடுங்க அங்கிள். பிரேயருக்கு முன்னாடி. டெஸ்ட் பண்ணணும்ல.”

“வரேம்மா,” என்றார், தனக்கே கேட்காத குரலில்.

அவள் படியிறங்கினாள். ஹலோ வாசல் வரை வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருவோரக் கம்பி வேலியில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டே அவள் நடந்தாள். டொக். டொக். டொக். மற்றவர் காதுக்கு எட்டாத தூரம் போன பிறகும் அவருக்கு அது கேட்டுக்கொண்டிருந்தது.

பின்னாலிருந்து மகளின் குரல் வந்தது. அவரிடம்தான். பல நாளைக்குப் பிறகு.

“கதவைச் சாத்துங்கப்பா. கொசு வருது.”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கும் தைரியம் இல்லை. தாழ்ப்பாள் ஓசை எழுப்பிவிடாதபடி அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மெல்லக் கதவைச் சாத்தினார்.